பருகும் உணவு முழுமை உணவாகுமா?
முழுமைச் சத்துப் பானங்களைப் பற்றி ஒரு பாடம்

தோற்றுவாய்

உண்பதற்காக வாழ்வோர் ஒரு சாரார். அறம் செய்தற்கு உடம்பு கருவியாதலின் அதனைக் காத்தற்பொருட்டு உண்போர் மற்றொரு சாரார். நம் முன்னோர் இரண்டாம் வழியை மேற்கொண்டவர்கள். எதை உண்பது, எப்பொழுது உண்பது, எவ்வளவு உண்பது என்னும் மூன்று வினாக்களையும் அவர்கள் நாள்தோறும் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டனர். இக்காலத்தில் தகர டப்பாக்களிலும் புட்டிகளிலும் அடைக்கப்பெற்று, "இதனைப் பருகினால் வேறு உணவே வேண்டா" என்னும் உறுதிமொழியோடு விற்பனைக்கு வரும் பானங்களைக் குறித்தும் இம்மூன்று வினாக்களையே நாம் எழுப்புதல் வேண்டும்.

இப்பாடத்தை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது. என் பெரியம்மா சில ஆண்டுகளுக்கு முன் பக்கவாத நோயுற்றார். மருத்துவமனையிலிருந்து திரும்பியபொழுது அவருடைய எடை 48 கிலோ. சோற்றை மென்று விழுங்க அவரால் இயலவில்லை. வெளிநாட்டில் பணிபுரியும் உறவினர் ஒருவர் அன்போடு ஒரு பெட்டி நிறையச் சத்துமாவு டப்பாக்களை அனுப்பிவைத்தார். வேளைக்கு இரண்டு கரண்டி வீதம், நாளுக்கு மூன்று வேளை, வெந்நீரில் கலந்து கொடுத்தோம். இடையிடையே வடிகஞ்சியும் கொடுத்தோம். "முழுமையான உணவு" என்று டப்பாவின்மேல் அச்சிட்டிருந்ததால் எங்கள் மனத்தில் ஐயமே எழவில்லை. இரண்டு திங்கள் கழித்து எடை பார்த்தபொழுது முள் 42இல் நின்றது. முழுமையான உணவை உண்டவர் எவ்வாறு மெலிந்தார்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. "முழுமை" என்பதன் பொருள்

ஓர் உணவு முழுமை பெற்றது என்று சொல்ல வேண்டுமானால், உடம்பு தானே ஆக்கிக்கொள்ள இயலாத பொருள்கள் அனைத்தும் அதில் தேவையான அளவில் அமைந்திருத்தல் வேண்டும். அவையாவன: உழைப்பிற்கும் உடற்சூட்டிற்கும் வேண்டிய ஆற்றலைத் தரும் மாவுச்சத்து; தசையைக் காக்கும் புரதம்; கொழுப்பு; நார்ச்சத்து; 13 வைட்டமின்கள்; சுண்ணாம்பு, இரும்பு, துத்தநாகம், அயோடின் முதலிய தாதுப்பொருள்கள்; நீர்.

புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. இவற்றுள் ஒன்பதை உடம்பால் ஆக்கிக்கொள்ள முடியாது. உணவினின்றே பெற்றாக வேண்டும். அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாகவுள்ள மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. எனவே அரிசியும் உளுந்தும் கலந்த இட்டலியும், அரிசியும் பாசிப்பருப்பும் கலந்த பொங்கலும் புரதத்தைப் பொறுத்தவரை ஒன்றையொன்று நிறைவு செய்பவை. ஊனுண்ணாதார்க்கு நல்ல புரதம் கிட்டாது என்பார் கூற்று இதனால் பொருந்தாமை காண்க.

கொழுப்பிலும் உடம்பால் ஆக்க இயலாத இரு வகை உண்டு: லினோலியிக் அமிலம், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்பன. முன்னது நல்லெண்ணெயிலும், பின்னது ஆளிவிதையிலும் நிரம்ப உண்டு. முழுமைப் பானம் செய்வோர் இவையனைத்தையும் கணக்கிட்டு ஒரு கலவையில் அடக்க முயல்கின்றனர்.

2. இக்கருத்து வளர்ந்த வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் புரதம், கொழுப்பு, மாவு, உப்பு, நீர் ஆகிய ஐந்தும் இருந்தால் உணவு நிறைவு பெறும் என்றே அறிஞர்கள் எண்ணினர். அவ்வெண்ணத்தை அசைத்தது நமக்கு மிகவும் பழக்கமான அரிசியே ஆகும். ஜாவாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய வெள்ளரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு நீக்காத அரிசியைத் தின்றவை நலம் பெறுவதையும் 1890களில் கண்டார். மக்களை வருத்திய பெரிபெரி நோயின் காரணம் இதனால் விளங்கலாயிற்று.

1912இல் இங்கிலாந்தின் பிரடெரிக் ஹாப்கின்ஸ், தூய்மைப்படுத்திய புரதமும் மாவும் கொழுப்பும் உப்பும் மட்டும் உண்ட எலிக்குஞ்சுகள் வளர்ச்சி குன்றுவதையும், சிறிதளவு பால் சேர்த்த மாத்திரத்தில் வளர்வதையும் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் காசிமிர் ஃபங்க் இத்தகைய நுண்பொருள்களுக்கு "வைட்டமின்" என்னும் பெயரைப் படைத்தார். எய்க்மனும் ஹாப்கின்சும் 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வைட்டமின்களுள் இறுதியாகப் பிரித்தெடுக்கப்பெற்றது பி12, ஆண்டு 1948. அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தாரும் இங்கிலாந்தில் கிளாக்ஸோ நிறுவனத்தாரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அதனைப் பிரித்தெடுத்தனர்.

வைட்டமின்கள் அனைத்தும் அறியப்பட்டபின்னரே முழுமைப் பானம் என்னும் எண்ணம் உருப்பெற்றது. கிளாக்ஸோ நிறுவனம் 1954இல் இங்கிலாந்தில் காம்ப்ளான் என்னும் பால்மாவுக் கலவையை வெளியிட்டது. நோயுற்றோர்க்கும் உண்ண இயலாதோர்க்கும் ஆனதாகவே அது கருதப்பெற்றது. பின்னர் நம் நாட்டில் அது குழந்தைகளின் வளர்ச்சிப் பானமாக அறியப்பெற்றது. 1994இல் ஹெயின்ஸ் நிறுவனத்திடமும், 2019இல் சைடஸ் வெல்னெஸ் நிறுவனத்திடமும் கைமாறியது.

அமெரிக்காவில் மீட் ஜான்சன் நிறுவனம் 1959இல் மெட்ரிகால் என்னும் மாவை வெளியிட்டது. நாளுக்கு 900 கலோரி மட்டுமே தரும் அப்பானம் உடல் மெலிய விரும்புவோரிடையே பெருவழக்குப் பெற்றது. நோயாளிகளைத் தேற்றுவதற்கென அந்நிறுவனம் முன்னரே செய்துவந்த பானத்தின் வழிவந்ததே அது. ஒரே வகைக் கலவை, ஓரிடத்தில் உடலைப் பெருக்கவும் மற்றோரிடத்தில் உடலைக் குறைக்கவும் பயன்பட்டமை கருதத்தக்கது. வேறுபாடு கலவையில் இல்லை, அளவில்தான் உள்ளது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

விண்வெளிப் பயணம் தொடங்கிய காலத்தில், உருவாக்கிய கலவையை மட்டுமே உண்டு மனிதர் வாழ இயலுமா என்னும் ஆராய்ச்சி நிகழ்ந்தது. மில்டன் வினிட்ஸ் குழுவினர், கலிபோர்னியச் சிறையில் தாமாக முன்வந்தவர்களுக்கு அமினோ அமிலம், சர்க்கரை, வைட்டமின், உப்பு ஆகியவற்றின் கரைசலை மட்டும் 19 வாரங்கள் கொடுத்து, அதன் முடிவை 1965இல் வெளியிட்டனர். உண்டோர் உடல்நலத்தோடு இருந்தனர். எனினும் விண்வெளி வீரர்களின் அன்றாட உணவாக அது நிலைபெறவில்லை. மருத்துவமனைகளில் குழாய்வழி ஊட்டுவதற்கே அவ்வகைக் கலவைகள் பயன்படலாயின. இன்று பலரும் அறிந்த என்ஷூர் 1973இல் தோன்றியது.

2013இல் அமெரிக்காவின் ராப் ரைன்ஹார்ட் என்னும் இளம் பொறியாளர், சமைக்கவும் உண்ணவும் செலவாகும் காலத்தையும் பொருளையும் மிச்சப்படுத்தக் கருதிச் சாய்லென்ட் என்னும் பானத்தைப் படைத்தார். 2015இல் இங்கிலாந்தில் ஜூலியன் ஹெர்ன் தொடங்கிய ஹியூல் நிறுவனம், ஓட்ஸ், பட்டாணிப் புரதம், ஆளிவிதை முதலிய தாவரப் பொருள்களைக் கொண்டு இத்தகைய மாவைச் செய்தது. நோயாளிக்கென எழுந்த உணவு நலமுடையோர் மேசைக்கு வந்த கதை இதுவே.

3. மூன்று எச்சரிக்கைகள்

வரலாற்றில் மூன்று நிகழ்ச்சிகள் நமக்குப் படிப்பினை தருகின்றன.

முதலாவது: 1977, 1978ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் "திரவப் புரதம்" என்னும் பெயரில் விற்கப்பெற்ற பானத்தை மட்டும் பருகி உடல் மெலிய முயன்றோருள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலருக்கு இதயத் துடிப்பு சீர்கெட்டு உயிர் பிரிந்தது. அப்பானத்தின் புரதம், இறைச்சிக் கூடத்தில் கழித்த தோல் முதலியவற்றைக் காய்ச்சி எடுத்தது. அதில் டிரிப்டோஃபான் என்னும் இன்றியமையா அமினோ அமிலம் இல்லை; நாளுக்குக் கிட்டிய ஆற்றலும் மிகக் குறைவு. "புரதம் நிறைந்தது" என்பது வேறு. "முழுமையானது" என்பது வேறு.

இரண்டாவது: குடல் செயலிழந்த நோயாளிகளுக்குச் சத்துப்பொருள்களை நேரே இரத்தக் குழாய்வழிச் செலுத்தும் முறையை ஸ்டீபன் டட்ரிக் முதலியோர் 1960களின் இறுதியில் நிறுவினர். இம்முறையால் நெடுங்காலம் வாழ்ந்தோரிடம் எதிர்பாராத குறைகள் தோன்றின. 1977இல் கனடாவின் டொரான்டோவில், குரோமியம் இல்லாமையால் ஒரு நோயாளியின் சர்க்கரை கட்டுக்கடங்காமற் போனமை கண்டறியப்பெற்றது. 1979இல் நியூசிலாந்தில், செலினியம் குறைந்தமையால் தசைவலி தோன்றியமை அறியப்பெற்றது. கைப்பிடியளவு தானியத்தில் இயல்பாகவே அமைந்த நுண்பொருளை அறிஞர் குழு கணக்கில் விட்டுவிட்டது.

மூன்றாவது: மேற்சொன்ன ரைன்ஹார்ட், தம் முதற்கலவையில் இரும்புச்சத்தைச் சேர்க்க மறந்ததையும், அதனால் இதயம் படபடத்ததையும், பின்னர்க் கந்தகக் குறைவால் மூட்டு வலித்ததையும் தாமே வெளிப்படையாகக் கூறியுள்ளார். 2016இல் அந்நிறுவனத்தின் சில பொருள்களை உண்டோர்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டமையால் அவற்றின் விற்பனை நிறுத்தப்பெற்றது. அதில் சேர்த்த பாசிமாவே காரணமாகலாம் என்று நிறுவனம் கருதியது.

இவற்றால் நாம் அறிவது யாது? மனிதர் வகுக்கும் முழுமை, அன்றைய அறிவின் எல்லைக்கு உட்பட்ட முழுமையே. ஆதலின் உண்ண இயலுவோர் பல்வகை உணவைக் கைவிட்டுப் பானத்தை மட்டும் பற்றுதல் வேண்டா. உண்ண இயலாதோர்க்கோ இப்பானங்கள் உயிர்த்துணையாகும். அவற்றை வெறுத்தலும் வேண்டா.

4. கணக்கு

இனி எங்கள் பெரியம்மா மெலிந்த காரணத்தைக் காண்போம். அவரைப் பார்க்க வந்த உணவியல் வல்லுநர் அம்மையார் முதலில் கேட்ட வினா, "ஒரு டப்பா உங்களுக்கு எத்தனை நாளைக்கு வருகிறது?" என்பதே. "ஏறத்தாழ ஒரு வாரம்" என்றோம். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டார்.

படுக்கையிலுள்ள முதியவர்க்குக் கிலோ எடைக்குச் சுமார் 30 கலோரி வேண்டும். 48 கிலோவிற்கு 1,440 கலோரி. புரதம் கிலோவிற்கு 1 கிராம் வீதம் 48 கிராம். நாங்கள் வாங்கிய மாவின் 100 கிராமில் 430 கலோரியும் 16 கிராம் புரதமும் இருந்தன. வேளைக்கு 20 கிராம் வீதம் நாளுக்கு 60 கிராம் கொடுத்தோம். கிட்டியது 258 கலோரி. புரதம் 10 கிராமுக்கும் குறைவு. வடிகஞ்சி தந்தது சிறிதளவு மாவுச்சத்தே. தேவையில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, முழுமை உணவு கொடுத்தோம் என்று நாங்கள் மனநிறைவு கொண்டிருந்தோம்.

அம்மாவை மட்டுமே உணவாகக் கொள்வதாயின் நாளுக்கு ஏறத்தாழ 335 கிராம் வேண்டும். 400 கிராம் டப்பா ஒரு நாளைக்குச் சற்று மேல்தான் வரும். ஒரு டப்பா ஒரு வாரம் வருகிறது என்றால், அந்நோயாளி பட்டினி கிடக்கிறார் என்பதே பொருள். பல இல்லங்களில் இத்தவறு அன்பின் பெயரால் நிகழ்கிறது. விலை மிகுதி என்று கருதி நீரைக் கூட்டிக் கரைப்போரும் உளர். கலங்கிய நீர் வயிற்றை நிரப்பும்; உடம்பை வளர்க்காது. அவ்வாறே, விரைவில் தேற வேண்டுமென்று அளவுக்கு மீறிக் கெட்டியாகக் கரைப்பதும் தவறு. வயிற்றுப்போக்கும் நீர்வறட்சியும் உண்டாகும். லேபிளில் குறித்த மாவின் அளவையும் நீரின் அளவையும் மாற்றாமற் கரைக்க வேண்டும்.

உடனே குடித்தற்குரிய நீர்மப் புட்டிகளுக்கு எளிய கணக்கு உண்டு. பெரும்பாலான பொதுவகைப் பானங்கள் 1 மில்லி லிட்டருக்கு 1 கலோரி தருவன. 1,440 கலோரி வேண்டுவோர்க்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தேவை. நாளுக்கு ஒரு 200 மில்லி லிட்டர் புட்டி, உணவுக்குத் துணையாகுமேயன்றி உணவாகாது.

வசதி குறைந்த குடும்பத்தார் மனம் தளர வேண்டா. விழுங்கும் ஆற்றல் ஓரளவு உள்ளவர்க்கு நெய்யூற்றிக் குழைய வேகவைத்த பாசிப்பருப்புப் பொங்கல், கேழ்வரகுப் பாற்கூழ், தயிர் விட்டு மசித்த சோறு, வேர்க்கடலை அரைத்த கஞ்சி ஆகியவற்றைப் பாதியாகவும் டப்பா மாவைப் பாதியாகவும் கொடுக்கலாம். கஞ்சியை வடித்து நீரை மட்டும் கொடுப்பதற்கு மாற்றாக, வெந்த தானியத்தையும் பருப்பையும் சேர்த்து மசித்துக் கொடுப்பதே முறை.

5. லேபிளைப் படித்தல்

கணக்கிடுவதற்காக டப்பாவின் லேபிளைப் படிக்க நேர்ந்தபொழுதுதான் இரண்டாவது உண்மை வெளிப்பட்டது. கல்லூரியில் பயிலும் என் மகள் சிறிய ஆங்கில எழுத்துக்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து, திடீரென நிறுத்தினாள். பொருள்களின் பட்டியலில் "மீனெண்ணெய்" என்று இருந்தது. வெளிநாட்டுச் சரக்காதலின் பச்சைக் குறியோ பழுப்புக் குறியோ அதில் இல்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஊன், கள், தேன் மூன்றையும் நீக்கியும், கதிரவன் மறைந்தபின் நீரும் பருகாமலும் வாழ்ந்த ஒருவர்க்கு நாங்கள் இரண்டு திங்கள் அதனைக் கொடுத்திருந்தோம்.

எனவே நம்மவர் இப்பானங்களில் ஆராய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

(அ) ஒமேகா-3 கொழுப்பு: இது மீனெண்ணெயினின்றோ பாசி எண்ணெயினின்றோ பெறப்படும். மீன்கள் அதனைப் பெறுவதே கடற்பாசி வழியாகத்தான். சாய்லென்ட் பானத்திலும் தொடக்கத்தில் மீனெண்ணெய் இருந்தது. 2014இல் பாசி எண்ணெய்க்கு மாறியது. ஊனுண்ணாதார் கேட்டால் மாற்று வழி பிறக்கும் என்பதற்கு இது சான்று.

(ஆ) வைட்டமின் டி: டி2 என்பது ஈஸ்ட் அல்லது காளானிலிருந்து செய்யப்படுவது. டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் மெழுகுக் கொழுப்பிலிருந்து செய்யப்படுவது. லைக்கன் என்னும் பாறைப்பாசியிலிருந்து செய்த டி3-உம் உண்டு.

(இ) ஜெலட்டின்: எலும்பும் தோலும் காய்ச்சி எடுக்கும் இது, வைட்டமின் ஏ, டி, ஈ ஆகியவற்றைத் தூளாக்கும்பொழுது மேற்பூச்சாகப் பயன்படுவதுண்டு. மாவுப்பொருளால் பூசுவோரும் உளர்.

(ஈ) மோர்நீர்ப் புரதம்: பாலாடைக்கட்டி செய்யும்பொழுது பிரியும் நீரிலிருந்து இது பெறப்படும். பாலைத் திரிக்கும் நொதி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். நுண்ணுயிர் வழிச் செய்ததாகவும் இருக்கலாம்.

(உ) செந்நிறம்: ஐ.என்.எஸ். 120 என்னும் எண் கண்டால் அது பூச்சிகளை நசுக்கி எடுத்த சாயம் என்று அறிக.

(ஊ) தேன்: இந்திய விதிப்படி பால், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியன ஊனுணவில் சேரா. எனவே பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் இட்ட பொருளிலும் தேன் இருக்கக்கூடும். பச்சைக் குறி அரசின் எல்லையைக் காட்டுகிறது. நம் நோன்பின் எல்லையை நாமே படித்து அறிய வேண்டும். ஊனுணவுக் குறி முன்னர்ப் பழுப்பு வட்டமாக இருந்தது. இப்பொழுது பழுப்பு முக்கோணமாக மாறியுள்ளது.

(எ) கிழங்குமாவு: மால்டோடெக்ஸ்டிரின் என்னும் மாவுப்பொருள் சோளம், மரவள்ளி, உருளைக்கிழங்கு ஆகிய எதிலிருந்தும் செய்யப்படலாம். கிழங்கு நீக்கியோர் கேட்டறிக.

லேபிளில் தெளிவில்லையேல் அதிலுள்ள நுகர்வோர் முகவரிக்கு எழுதிக் கேட்பது நம் உரிமை. வைட்டமின் பி12 குறித்து அஞ்ச வேண்டா. அது பாக்டீரியாக்களை வளர்த்துப் பெறப்படுவது. பாலும் தயிரும் குறைவாகக் கொள்ளும் நம் முதியோர்க்கு அதன் குறைபாடு நேர்வது எளிதாதலின், மருத்துவரைக் கேட்டு ஆராய்ந்து கொள்வது நன்று.

மற்றொன்று. 2024 ஏப்ரலில் இந்திய வணிக அமைச்சகம், இணையவழி விற்பனையாளர்கள் "ஆரோக்கிய பானம்" என்னும் வகைப்பெயரை நீக்க வேண்டுமென அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை. பாலில் சுவைக்காகக் கலக்கும் மாவும் முழுமைச் சத்துமாவும் ஒன்றல்ல. முன்னதில் சர்க்கரையே மிகுதி.

6. நோன்பும் பாரணையும்

பல நாள் உண்ணாதிருந்தவர்க்குத் திடீரென மிகுந்த உணவு தருவது உயிருக்கே இடராகலாம். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பெற்ற பட்டினியாளர் பலர், உணவு கிடைத்தபின் இறந்தனர். காரணம் இது: பட்டினியில் உடம்பு தன் கொழுப்பை எரித்து வாழ்கிறது. மாவுச்சத்து திடீரென உட்புகுந்தால் இன்சுலின் பெருகி, இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைத் திசுக்களுக்குள் ஈர்த்துவிடுகிறது; வைட்டமின் பி1-உம் விரைந்து செலவாகிறது. அதனால் இதயம் தடுமாறுகிறது.

இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறை 2006இல், பத்து நாள்களுக்கு மேல் சிறிதும் உண்ணாதவரை உயர் இடருடையோர் என வகுத்து, அவர்க்குக் கிலோவிற்கு 10 கலோரிக்கு மிகாமல் தொடங்கிச் சில நாள்களில் படிப்படியாக உயர்த்துமாறு கூறியது. நெடு உபவாசம் இருந்தோர்க்குப் பாரணை நாளில் இனிப்புப் பண்டங்களையோ கெட்டியான சத்துப் பானத்தையோ வயிறாரத் தருவது அன்பாகாது. சிறிது சிறிதாகத் தொடங்கும் நம் பழைய பாரணை முறையின் அறிவுடைமை இதனால் விளங்கும். முதியோரும் நீரிழிவு உடையோரும் நெடுநோன்பிற்கு முன்னும் பின்னும் மருத்துவரைக் காண்க.

இங்கே ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். நோயால் உண்ண இயலாமை வேறு. அறநெறி நின்று, தெளிந்த அறிவோடு உணவைத் துறத்தல் வேறு. முன்னதைப் பின்னதாகக் கருதி, நோயுற்ற முதியோர்க்கு ஊட்டாதிருத்தல் கூடாது.

7. யார்க்கு ஏற்றது? யார்க்கு ஏலாது?

ஏற்போர்: பக்கவாதம், வாய் அல்லது தொண்டை அறுவை, புற்றுநோய் மருத்துவம் ஆகியவற்றால் உண்ண இயலாதோர், அறுவைக்குப்பின் தேறுவோர், பசி குன்றி மெலியும் முதியோர். குரோன் என்னும் குடல் அழற்சியுடைய சிறார்க்கு ஆறு முதல் எட்டு வாரம் இப்பானத்தை மட்டுமே கொடுத்து நோயைத் தணிப்பது வழக்கிலுள்ள மருத்துவம்.

நீரிழிவுக்கும் இது துணையானதுண்டு. பிரிட்டனில் நிகழ்ந்து 2017இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 825 முதல் 853 கலோரி தரும் பானங்களை மட்டும் மூன்று முதல் ஐந்து திங்கள் வரை கொண்டோருள், ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றியே நீரிழிவினின்று விடுபட்ட நிலையில் இருந்தனர். வழக்கமான மருத்துவம் பெற்றோருள் அவ்வாறு விடுபட்டோர் 4 விழுக்காட்டினர். இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. அவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் இருந்தவர்கள்; மாத்திரைகள் முன்னரே நிறுத்தப்பெற்றவர்கள். தாமாகவே இதனைச் செய்யத் துணிவோர்க்குச் சர்க்கரை அபாய அளவிற்குத் தாழக்கூடும்.

ஏலாதோர்: கைக்குழந்தைக்கு எக்காரணத்தாலும் பெரியோர் பானம் ஆகாது. சிறுநீரக நோயுடையோர்க்குப் பொதுவகைப் பானத்திலுள்ள பொட்டாசியமும் பாஸ்பேட்டும் மிகுதியாகலாம்; அவர்க்கெனத் தனிவகை உண்டு. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர், பானத்திலுள்ள வைட்டமின் கே குறித்து மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

8. கொடுக்கும் முறை

கொதித்து ஆறிய, வடிகட்டிய நீரையே பயன்படுத்துக. கரைத்த பானத்தைக் காலையில் செய்து மாலைவரை வைத்தல் ஆகாது. அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்திற்குமேல் வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகும். அவ்வப்பொழுது கரைத்து அப்பொழுதே கொடுப்பது உடல்நலத்திற்கும் ஏற்றது, கொல்லாமைக்கும் ஏற்றது.

நோயாளியை நிமிர்த்தி அமர்த்தியே கொடுக்க வேண்டும். கொடுத்தபின் அரைமணி நேரமாவது அவ்வாறே இருக்கச் செய்க. பருகும்பொழுது இருமினாலோ குரல் கரகரத்தாலோ பானம் மூச்சுக்குழலில் செல்கிறது என்று அறிந்து, நிறுத்தி, மருத்துவரைக் காண்க. பக்கவாதமுற்றோர்க்கு மெல்லிய நீர்மத்தைவிடச் சற்றுக் கெட்டியானதே விழுங்க எளிதாகும். வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதிவைக்க வேண்டும். எங்கள் இல்லத்தில் முதல் வாரமே எடை பார்த்திருந்தால் ஆறு கிலோ இழந்திருக்க மாட்டோம்.

இரவில் உண்ணாதார், பகற்பொழுதை ஐந்தாகப் பகுத்துக் கொடுக்கலாம். காலை ஆறரை, ஒன்பது, பதினொன்றரை, இரண்டரை, மாலை ஐந்தரை என்று நாங்கள் வகுத்துக்கொண்டோம். உணவியல் அம்மையாரும் அதனை ஏற்று, முதலில் பாதி அளவில் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவிற்கு உயர்த்தினார்.

முடிவுரை

மீனெண்ணெய்ச் செய்தியைப் பெரியம்மாவிடம் சொல்வதா, மறைப்பதா என்று எங்களுக்குள் வழக்காடினோம். "நோயாளியின் மனத்தை ஏன் வருத்த வேண்டும்?" என்றனர் சிலர். "அவர் நோன்பு அவருடையது, அதனைப் பற்றி முடிவு செய்ய நாம் யார்?" என்றாள் என் மகள். இறுதியில் நானே அருகில் அமர்ந்து சொன்னேன். அவர் நெடுநேரம் கண்களை மூடியிருந்தார். பின்னர்க் குழறிய குரலில், "தம்பி, தெரியாமல் குடித்ததற்கு நான் வருத்தப்படவில்லை. தெரிந்த பிறகு குடிக்கச் சொல்லாதே" என்றார். எஞ்சிய டப்பாக்களை அன்றே அப்புறப்படுத்தினோம். பச்சைக் குறியுள்ள உள்நாட்டு மாவொன்றைத் தேர்ந்து, அதன் பட்டியலை அவர் கேட்கும்படி முழுவதும் படித்துக்காட்டிய பின்னரே கரைத்தோம். மூன்று வேளை பானமும் இரண்டு வேளை மசித்த பொங்கலுமாகக் கொடுத்துவர, நான்கு திங்களில் எடை 45 கிலோவானது.

எனவே, வாசக அன்பர்களே, முழுமை என்பது டப்பாவின்மேல் அச்சிட்ட சொல்லில் இல்லை. உரிய பொருள், உரிய அளவு, உரிய காலம், உண்பவரின் இசைவு ஆகிய நான்கும் கூடியவிடத்தே உணவு முழுமை பெறுகிறது. இவற்றுள் முதல் மூன்றைக் கற்று அறியலாம். நான்காவதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இல்லத்தில் கலந்துரையாட வினாக்கள்

1. உங்கள் இல்லத்தில் உள்ள சத்துமாவு டப்பா ஒன்றின் 100 கிராமில் எத்தனை கலோரியும் எவ்வளவு புரதமும் உள்ளன?
2. 55 கிலோ எடையுள்ள முதியவர்க்குக் கிலோவிற்கு 30 கலோரி வீதம் நாளுக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்? (விடை: 1,650 கலோரி)
3. பச்சைக் குறி உள்ள பொருளிலும் நம்மவர் ஆராய வேண்டியவை யாவை?
4. நெடுநோன்பிற்குப்பின் சிறிது சிறிதாக உண்ண வேண்டுவது ஏன்?
5. உங்கள் இல்லத்து முதியோரிடம், "உங்களுக்குக் கொடுக்கும் மருந்திலும் உணவிலும் எவற்றை நீக்க விரும்புகிறீர்கள்?" என்று எப்பொழுதேனும் கேட்டதுண்டா? இல்லையேல் இன்றே கேளுங்கள்.